அப்பாவின் தண்ணீர் பாட்டிலும் எங்கள் எலெக்ட்ரிக் காரும்

கார் வாங்க ஷோரூமுக்குப் போன அன்று என் வீட்டுக்காரர் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. பேட்டரி எத்தனை கிலோவாட் அவர், ஒரு சார்ஜுக்கு நிஜமாகவே எத்தனை கிலோமீட்டர் ஓடும், வீட்டு பிளக்கில் போட்டால் எத்தனை மணி நேரம், வாரன்ட்டி எத்தனை வருஷம் என்று வரிசையாகக் கேள்விகள் எழுதி வைத்திருந்தார். கல்லூரியில் படிக்கும் மகனுக்கு ஸ்பீக்கர் எத்தனை, ஸ்கிரீன் எத்தனை இன்ச் என்பதுதான் கவலை. அம்மா பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டிப் பார்த்தாள். "ஏட்டி, நடுவுல மேடே இல்ல. என் கூடைய இங்கனயே வச்சுக்கிடலாம்" என்றாள். அவளுக்கு அந்த ஒன்று போதுமாக இருந்தது.

அப்பா வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். டயரைக் காலால் ஒரு தட்டு தட்டினார். டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னோம். "நான் எதுக்கு" என்று சொல்லிவிட்டு, இடது பக்க முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். வலது கையை இடது கையால் அழுத்திப் பிடித்தபடி ரோட்டைப் பார்ப்பது போலக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு பேர் நான்கு விதமாகச் சோதித்தோம். ஆனால் ஒரு கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலை எங்கே வைப்பது?

இதெல்லாம் ஒரு கேள்வியா என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் அப்படித்தான் இருந்தேன், சாத்தூர் தாண்டிய அந்தக் காலை வரைக்கும்.

அப்பா அரசு பஸ் டிரைவராக 31 வருஷம் வேலை பார்த்தவர். பெரும்பாலும் கோவில்பட்டி - மதுரை ரூட். அந்தக் காலத்து பஸ்களில் டிரைவருக்கு இடது கைப் பக்கம் பெரிய பெட்டி மாதிரி இன்ஜின் பானெட் உயர்ந்து நிற்கும். கூட்ட நாளில் சின்னப் பிள்ளைகளை அதன் மேல் உட்கார வைப்பார்கள். உட்கார்ந்த இடம் சுடும், ஆனாலும் அந்த இடத்துக்குப் போட்டி இருக்கும். நானும் உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவின் சாப்பாட்டு அடுக்கு, தண்ணீர் கேன், துண்டு, கண்ணாடிக் கூடு எல்லாம் அதன் மேல்தான் இருக்கும். மத்தியானம் மதுரை போய்ச் சேரும்போது அம்மா கட்டிக் கொடுத்த சோறு இன்ஜின் சூட்டில் கதகதவென்று இருக்கும் என்பார்.

அந்தச் சாமான்கள் எதுவும் ஆடாது, உருளாது. பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி ஒவ்வொன்றையும் கட்டி வைத்திருப்பார். "ஓடுற வண்டியில ஆடுற சாமான் ஒண்ணுகூட இருக்கக் கூடாது" என்பது அவருடைய சட்டம். புதிதாக வேலைக்கு வந்த டிரைவர்களுக்கும் இதைத்தான் முதல் பாடமாகச் சொல்வாராம்.

ஓய்வு பெற்றுப் பல வருஷம் நன்றாகத்தான் இருந்தார். எழுபது தாண்டிய பிறகு வலது கை விரல்கள் சும்மா இருக்கும்போதே நடுங்க ஆரம்பித்தன. சட்டைப் பட்டன் போட நேரமானது. கையெழுத்து எறும்பு ஊர்வது போலச் சின்னதாகிக்கொண்டே போனது. மதுரையில் நரம்பு டாக்டர் பார்த்துவிட்டு பார்க்கின்சன் என்றார். மாத்திரை கொடுத்தார். அதில் ஒரு கண்டிப்பு உண்டு. காலை 8, மதியம் 12, மாலை 4, இரவு 8. நேரம் தவறினால் உடம்பு உடனே காட்டிக்கொடுத்துவிடும். நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுவார். பால், பருப்பு மாதிரி புரதம் உள்ள சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால் சிலருக்கு மருந்து சரியாக வேலை செய்யாது என்பதால், மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் காபி, டிபன் எல்லாம்.

ஆக, எங்கே போனாலும் எட்டு மணிக்கு அவர் கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் இருந்தாக வேண்டும்.

எலெக்ட்ரிக் கார் வாங்கியதற்கே அந்த மதுரைப் பயணம்தான் காரணம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய் வர 200 கிலோமீட்டர். வீட்டில் இரவு சார்ஜ் போட்டுவிட்டு, திரும்பும்போது வழியில் அரை மணி நேரம் ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டால் கவலையில்லாமல் வந்துவிடலாம். சத்தமும் அதிர்வும் குறைவாக இருப்பது அப்பாவின் உடம்புக்கும் நல்லது என்று நினைத்தோம். பச்சை நம்பர் பிளேட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

மூன்றாவது மதுரைப் பயணத்தில் வண்டி ஓட்டியது நான். அவருக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. அப்பா முன் சீட்டில், அம்மா பின் சீட்டில். அம்மாவின் பழைய ஒயர் கூடையில் இட்லி, பிளாஸ்டிக் டப்பாவில் பொடி, மாற்றுத் துண்டு, மருந்துச் சீட்டு, கோவில்பட்டி கடலைமிட்டாய் ஒரு பாக்கெட். டாக்டருக்குக் கொடுப்பதற்காம்! ஏழரை மணிக்குக் கிளம்பினோம்.

எங்கள் காரில் இரண்டு முன் சீட்டுகளுக்கு நடுவே கப் ஹோல்டர்கள் இரண்டு உண்டு. ஆனால் எங்கள் வீட்டு ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில் அதில் இறங்காது. பிறகு ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன். குழியின் அகலம் 7 சென்டிமீட்டர், ஆழம் 4 சென்டிமீட்டர். பாட்டிலின் அடிப்பாகம் 7.8 சென்டிமீட்டர். கதவில் இருக்கும் பையில் பாட்டில் நிற்கும், ஆனால் அது முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. நடுங்கும் கையோடு குனிந்து எடுக்க அப்பாவால் முடியாது. அதனால் அவர் பாட்டிலை மடியில் வைத்து இரண்டு தொடைகளாலும் இடுக்கிக்கொள்வார். முதல் இரண்டு பயணமும் அப்படித்தான் நடந்தது. நாங்கள் பார்த்தோம், ஆனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எட்டு மணிக்கு அவருடைய போனில் அலாரம் அடித்தது. நான் ரோட்டில் கண்ணாக இருந்தேன். மாத்திரையை வாயில் போட்டார், தண்ணீர் குடித்தார். மூடியைத் திருகுவதற்குள் பாட்டில் தொடை நழுவிக் கீழே விழுந்தது. "டொங்" என்று ஒரு சத்தம். "விடுங்கப்பா, அப்புறம் எடுத்துக்கலாம்" என்றேன். அதே நேரத்தில் ஒரு லாரியை முந்திவிட்டு இடது லேனுக்கு ஒதுங்கினேன்.

அம்மா ஷோரூமில் பாராட்டினாளே, மேடு இல்லாத தரை, அது முன்பக்கமும் அப்படியேதான். பெட்ரோல் காராக இருந்தால் இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவே தரையோடு ஒரு சுவர் மாதிரி மேடு இருக்கும். பாட்டில் அதில் முட்டி அந்தப் பக்கமே நின்றிருக்கும். எங்கள் காரில் நடுப்பகுதி பாலம் போல மேலே நிற்கிறது, அதற்கு அடியில் திறந்த இடம். வண்டி இடது பக்கம் ஒதுங்கியதும் பாட்டில் வலது பக்கம் உருண்டது. பாலத்துக்கு அடியில் புகுந்து என் காலடிக்கு வந்துவிட்டது.

எனக்கு அது தெரியாது. முன்னால் சென்டர் மீடியன் இடைவெளியில் ஒரு பெரியவர் டிவிஎஸ் மொபெட்டில், பின்னால் புல்லுக்கட்டோடு ரோட்டின் குறுக்கே இறங்கினார். பிரேக்கை மிதித்தேன். பெடல் பாதி வழி இறங்கி, கல்லில் இடித்த மாதிரி நின்றுவிட்டது.

அந்த ஒரு நொடியை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வயிறு மட்டும் காலியானது.

"ஆக்ஸிலேட்டர முழுசா விடு தாயி. ஹாரன் அடி. ஓரமாக் கொண்டா" என்று அப்பாவின் குரல் கேட்டது. நடுக்கமில்லாத குரல். நான் சின்ன வயதில் பானெட் மேல் உட்கார்ந்து கேட்ட அதே குரல்.

காலை எடுத்தேன். வண்டியை யாரோ பின்னால் இருந்து பிடித்து இழுத்தது போல வேகம் குறைந்தது. எலெக்ட்ரிக் கார்களில் இப்படி ஒரு வசதி உண்டு. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மோட்டாரே டைனமோவாக மாறி, சக்கரம் சுழலும் வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்பும். சைக்கிளில் டைனமோவைச் சக்கரத்தோடு சேர்த்துவிட்டால் பெடல் கனக்குமே, அதே கதைதான். பல கார்களில் இதைக் கூட்டிக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டுக்காரர் மின்சாரம் மிச்சமாகும் என்று எப்போதும் உச்சத்திலேயே வைத்திருப்பார். "வண்டி ரொம்ப இழுக்குது" என்று அதற்காக அவரோடு சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

மொபெட் பெரியவர் ஹாரன் சத்தத்தில் திரும்பிப் பார்த்து, கடைசி நேரத்தில் வேகமாகக் கடந்துவிட்டார். புல்லுக்கட்டின் நுனி எங்கள் பம்பருக்கு எவ்வளவு தூரத்தில் போனது என்று அம்மா ஒரு கணக்கு சொல்கிறாள், நான் ஒரு கணக்கு சொல்கிறேன். இரண்டுமே சின்ன எண்தான். வண்டியை ஓரமாகக் கொண்டுவந்தேன். வேகம் நன்றாகக் குறைந்து ஊர ஆரம்பித்ததும் பார்க்கிங் பிரேக் சுவிட்சை இழுத்துப் பிடித்தேன். நின்றது.

பிறகுதான் கீழே பார்த்தேன். பிரேக் பெடலுக்கு அடியில் அந்த எவர்சில்வர் பாட்டில். போன தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்தது.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எங்களைக் காப்பாற்றிய இந்த வசதியை பிரேக்குக்குப் பதிலாக நம்பக் கூடாது. பேட்டரி நூறு சதவீதம் நிறைந்திருந்தால், உள்ளே அனுப்ப இடமில்லாததால் இந்த இழுவை வெகுவாகக் குறைந்துவிடும். நாங்கள் 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தோம். வீட்டிலிருந்து முழு சார்ஜோடு கிளம்பிய ஐந்தாவது நிமிடத்தில் இது நடந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருப்பேனா என்று தெரியாது.

அப்பா ஒன்றுமே சொல்லவில்லை. மதுரை வரைக்கும் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்கெல்லாம் அம்மாதான் பதில் சொன்னாள். திரும்பக் கிளம்பும்போது முன் கதவைத் திறந்து நின்றேன். அவர் பின் கதவைத் திறந்தார்.

"இனிமே நான் பின்னாடி உக்காந்துக்கிடுதேன். என்னால வண்டிக்கு ஆபத்து வரக் கூடாது."

31 வருஷம் வண்டியின் முன்னால் உட்கார்ந்த மனிதர். உறவுக்காரர்கள் காரில் போனால்கூட முன் சீட்டை அவருக்கென்று விட்டுக்கொடுப்பார்கள். அவர் பின்னால் உட்கார்ந்து, அம்மாவின் ஒயர் கூடைக்குப் பக்கத்தில் காலை ஒடுக்கி வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் கப் ஹோல்டரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். இதற்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கும் என்று நினைக்கவில்லை.

அமெரிக்காவில் 1957-ல் வந்த கேடிலாக் எல்டொராடோ புரோகம் என்ற ஆடம்பரக் காரில், டாஷ்போர்டு பெட்டிக்குள் காந்தத்தில் ஒட்டி நிற்கும் டம்ளர்கள் வைத்துக் கொடுத்தார்கள். அது பணக்காரர்களின் விளையாட்டு. சாதாரணக் குடும்பங்களுக்கு என்று பார்த்தால், 1983 கடைசியில் கிறைஸ்லர் கம்பெனி கொண்டுவந்த மினிவேனில் கப் வைக்கும் குழியை வண்டியோடு சேர்த்தே வார்த்திருந்தார்கள்.

1992-ல் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் 79 வயதுப் பாட்டி ஒருவர் பேரனோடு காரில் போய் ஒரு துரித உணவுக் கடையில் காபி வாங்குகிறார். சர்க்கரை, கிரீம் கலக்க வண்டியை நிறுத்துகிறார்கள். அந்தக் காரில் கப் ஹோல்டர் இல்லை. பாட்டி கப்பை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு மூடியைத் திறக்கிறார். கொதிக்கும் காபி முழுவதும் மடியில். எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து, தோல் ஒட்டுச் சிகிச்சை செய்யும் அளவுக்குக் காயம். 1994-ல் ஜூரி அந்தப் பாட்டியின் பக்கம் தீர்ப்பு சொன்ன வழக்கு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. வழக்கு காபியின் சூட்டைப் பற்றியது. எனக்கோ அந்த முழங்கால்கள்தான் கண் முன்னால் நின்றன. என் அப்பாவின் தொடை இடுக்கில் இருந்த பாட்டில் பச்சைத் தண்ணீராக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

இன்று அமெரிக்காவுக்கென்று சுபாரு கம்பெனி செய்த அசென்ட் என்ற காரில் எட்டு பேர் வரை உட்காரலாம். கப் ஹோல்டர்கள் எத்தனை தெரியுமா? 19!

நம் ஊர்க் கதை வேறு. நாம் வண்டி ஓட்டிக்கொண்டே டீ குடிப்பவர்கள் இல்லை. ரோட்டோரம் நிறுத்தி, கண்ணாடி கிளாஸை நுனி விரலில் பிடித்து ஊதி ஊதிக் குடித்துவிட்டுத்தான் ஏறுவோம். டம்ளர் டபராவை வைக்க இதுவரை ஒரு கார் கம்பெனியும் குழி வெட்டவில்லை! நமக்கு வேண்டியது பேப்பர் கப்புக்கான இடமல்ல. ஒரு லிட்டர் பாட்டில், பிளாஸ்க், டிபன் டப்பா, மாத்திரை டப்பா, குடை, துண்டு, கோயில் பிரசாதம் இதற்கெல்லாம் இடம்.

எலெக்ட்ரிக் காரில் இந்த இடம் தாராளமாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு. பெட்ரோல் காரின் நடு மேடு புகைக் குழாய் போவதற்கும், பின் சக்கரம் இழுக்கும் வண்டிகளில் சுழலும் தண்டு போவதற்கும். எலெக்ட்ரிக் காரில் இரண்டும் வேண்டியதில்லை. கியர் கம்பிக்குப் பதிலாகத் திருகும் குமிழ் போதும். ஹூண்டாய் ஐயோனிக் 5 காரில் நடுப்பெட்டியையே 14 சென்டிமீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தலாம். இன்ஜின் இல்லாததால் சில கார்களில் முன் பானெட்டைத் திறந்தாலும் பெட்டி வைக்கும் இடம் இருக்கிறது. டாடா பஞ்ச் இவியில் அது 14 லிட்டர், மஹிந்திரா எக்ஸ்இவி 9இ காரில் 150 லிட்டர்.

ஆனால் எல்லா எலெக்ட்ரிக் காருக்கும் இது பொருந்தாது. பெட்ரோல் காராகப் பிறந்து பிறகு பேட்டரி ஏற்றப்பட்ட வண்டிகளில் அந்த மேடு அப்படியே இருக்கும். முன்பக்கம் சார்ஜர், மோட்டாருக்கான மின்கருவிகள், ஏசி என்று நிறைந்துவிடுவதும் உண்டு. பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் சில வண்டிகளில் பின் சீட்டில் முழங்கால் சற்றுத் தூக்கி நிற்கும். வயதானவர்களுக்கு அது வலி. பின் டிக்கியில் சார்ஜ் ஒயரும் அதன் பையும் நிரந்தரக் குடித்தனம் இருக்கும். இதெல்லாம் எங்கள் நோட்டில் இல்லாத கேள்விகள்.

மறுநாளே மகன் ஆன்லைனில் நாலைந்து சாமான்கள் வாங்கினான்.

ஏசி துவாரத்தில் மாட்டும் வளையம் ஒன்று. ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டிலின் கனத்துக்கு இரண்டாவது வேகத்தடையிலேயே கழன்று விழுந்தது. கதவுக் கண்ணாடி விளிம்பில் தொங்கவிடும் கூடை. கண்ணாடியை இறக்க முடியவில்லை. சீட்டுக்கும் நடுப்பெட்டிக்கும் இடையே செருகும் நீளப் பெட்டி. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சீட் பெல்ட் மாட்டும் கொக்கியை மறைத்துவிட்டது. நல்ல கைக்கே தடவிப் பார்க்க வேண்டியிருந்தது, அப்பாவின் கைக்கு எப்படி முடியும்? கப் ஹோல்டருக்குள் நட்டுவிட்டு மேலே அகலமாக விரியும் இன்னொன்று. பாட்டில் நின்றது, ஆனால் கியர் குமிழுக்குக் கை போகும் வழியில் கோபுரம் மாதிரி ஆடிக்கொண்டு நின்றது.

டாஷ்போர்டில் ஒட்டலாம் என்றான். அங்கே ஏர்பேக் இருக்கிறது. அது விரியும்போது மேலே இருக்கும் பொருள் கல் எறிந்தது போலப் பாயும். சீட்டோடு ஏர்பேக் உள்ள வண்டிகளில் கண்ட கண்ட சீட் கவர், பைகள் மாட்டுவதும் தப்பு.

எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தபோது மகன்தான் கேட்டான். "தாத்தா, நீங்க பஸ் ஓட்டும்போது தண்ணி கேனை எப்படி வச்சிருப்பீங்க?"

திண்ணையில் இருந்த அப்பா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு கேட்டார். "சைக்கிள் கடையில பழைய டியூபு கிடைக்குமால?"

டியூப் வந்தது. அப்பா சொல்லச் சொல்ல மகன் வெட்டினான். "ஒரு இஞ்சு அகலம். சாய்க்காத. நேரா வெட்டு." வெட்டியதைக் கையில் வாங்கி இழுத்துப் பார்த்தார். விரல்கள் நடுங்கின, ஆனால் கண் நடுங்கவில்லை. "ஒரு வேளை மாத்திரைக்கு ஒரு லிட்டர் தண்ணி எதுக்கு? சின்னதா ஒண்ணு எடுங்க" என்றார். அம்மா பேரனின் பள்ளிக்கூடக் காலத்து எவர்சில்வர் பிளாஸ்க்கைப் பரணிலிருந்து எடுத்தாள். 350 மில்லி. மூடியைத் தட்டினால் உறிஞ்சி நிமிரும். போன வருஷம் இதே மாதிரி ஒன்றை நான் வாங்கிக் கொடுத்தபோது, "நான் என்ன எல்கேஜி படிக்கேனா?" என்று தள்ளி வைத்தவர் அவர்தான்.

பிளாஸ்க்கின் அடியில் மூன்று வளையம் ஏற்றினோம். கப் ஹோல்டரில் அழுத்தியதும் கவ்வி உட்கார்ந்தது. அதில் ஒரு சூட்சுமம் இருந்தது, அப்பாதான் காட்டினார். பிளாஸ்க் அசையாமல் நிற்பதால் மூடியைத் திறக்க இன்னொரு கை வேண்டியதில்லை. ஒரே விரலால் தட்டினார், திறந்தது. வெளியே எடுக்கும்போதும் ரப்பர் இழுத்துப் பிடித்து மெதுவாகத்தான் விடுகிறது. கையின் ஆட்டம் அதில் பாதி அடங்கிவிடுகிறது.

பாலத்துக்கு அடியில் இருந்த திறந்த இடத்தில் மகன் ஒரு தட்டையான பெட்டியை இறுக்கமாகச் செருகினான். இனி இந்தப் பக்கத்துச் சாமான் அந்தப் பக்கம் வராது. பெரிய பாட்டில் பின் கதவுப் பைக்குப் போனது. அம்மாவின் கூடைக்கும் ஒரு டியூப் வளையம், முன் சீட்டின் காலோடு சேர்த்து. மாத்திரைகள் டாஷ்போர்டு பெட்டியில் இருந்து அம்மாவின் கைப்பைக்கு மாறின. வெயிலில் பூட்டிய காருக்குள் மருந்தை விட்டுவைக்கக் கூடாது. மொத்தச் செலவு, சைக்கிள் கடைக்காரர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் கொடுத்த இருபது ரூபாய்.

நீங்கள் கார் வாங்கப் போவதாக இருந்தால், ஷோரூமுக்கு உங்கள் வீட்டுத் தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டு போங்கள். ஒவ்வொரு குழியிலும் வைத்துப் பாருங்கள். டெஸ்ட் டிரைவில் ஒரு வேகத்தடையில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். வீட்டில் யாருக்குக் கை நடுங்குமோ, யாருக்குக் குனிய முடியாதோ, அவரை அவர் உட்காரப்போகும் சீட்டில் உட்கார வைத்து, பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடிக்கச் சொல்லுங்கள். ஷோரூம் பையன் சிரித்தால் சிரிக்கட்டும்.

அடுத்த மதுரைப் பயணம் வந்தது. அப்பா வழக்கம்போல பின் கதவுப் பக்கம் போனார். அங்கே அம்மா ஏற்கெனவே ஏறி, கூடையைச் சீட்டின் மேலேயே வைத்து, பக்கத்தில் தலையணையும் போட்டு இடத்தை அடைத்திருந்தாள்.

"இங்க இடமில்ல. முன்னாடி போங்க" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமலே.

அவர் கொஞ்ச நேரம் நின்றார். முன் கதவைத் திறந்தார்.

சாத்தூர் தாண்டியதும் அலாரம் அடித்தது. நான் திரும்பவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாத்திரை அட்டை சரசரத்தது. மூடி "டக்" என்று திறந்தது. உறிஞ்சும் சத்தம். மறுபடி "டக்". ரப்பர் கவ்வும் சின்ன முனகல். பின்னால் அம்மா இதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

கண்ணாடியில் ஒரு அரசு பஸ் பெரிதாகிக்கொண்டே வந்தது. அப்பா சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவனுக்கு வழி விடு தாயி. டைமிங்ல ஓடுதான்."

இடது பக்கம் ஒதுங்கி வழி விட்டேன். காரில் எதுவும் உருளவில்லை.